வெயில்காப்புப் பூச்சு: புட்டியின் மேலுள்ள எண்ணின் வரலாறு

வெயில்காப்புப் பூச்சு என்பது சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் தோலுக்குள் புகுவதைக் குறைப்பதற்காக உடலில் தடவப்படும் களிம்பு, நீர்மம் அல்லது தெளிப்பு ஆகும். கடைகளிலும் பேச்சிலும் இது சன்ஸ்கிரீன் எனப்படுகிறது. கடற்கரைக்கோ மலைக்கோ விடுமுறை செல்பவர்கள் ஒரு புட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பது அதன் மேல் பெரிதாக அச்சிடப்பட்டுள்ள எண்ணை. 15, 30, 50 என்று ஏறிச் செல்லும் அந்த எண் எஸ்.பி.எஃப். எனச் சுருக்கமாக வழங்கும் வெயில்காப்பு அளவு ஆகும். எண் பெரிதானால் காப்பும் பெரிது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இது முழு உண்மையன்று. அந்த எண் எதை அளப்பதற்காக உருவாக்கப்பட்டது, எதை அளக்காமல் விட்டது, விட்டுப்போனவற்றை ஈடுகட்ட எந்தெந்தச் சொற்கள் பின்னர் லேபிளில் சேர்ந்தன என்பதை இப்பூச்சின் வரலாறு காட்டுகிறது. அவ்வரலாற்றை அறிந்தவருக்குத் தேர்வு எளிதாகிறது.

பூச்சுக்கு முந்தைய காப்பு

வெயிலிலிருந்து உடலைக் காக்கும் முறைகளில் மிகப் பழமையானவை நிழலும் துணியும். பாலைவன மக்கள் தலை முதல் கால் வரை மூடும் தளர்ந்த ஆடை அணிந்தனர். வயலில் நடவு செய்பவர் தலையில் துண்டு கட்டினர். ஓலைக் குடையும் தொப்பியும் பல நாடுகளில் வழங்கின. பூச்சுகளும் இருந்தன. மியன்மாரில் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த மரங்களின் பட்டையைக் கல்லில் நீர்விட்டு அரைத்துத் 'தனக்கா' என்னும் மஞ்சள் நிறக் குழம்பைப் பெண்களும் சிறுவர்களும் முகத்தில் பூசுகின்றனர். நமீபியாவின் ஹிம்பா மக்கள் வெண்ணெய்க் கொழுப்புடன் காவிக்கல் பொடியைக் கலந்து உடலில் தடவுகின்றனர். இவை அழகு, குளிர்ச்சி, வழக்கம் ஆகிய பல காரணங்களுக்காகப் பூசப்படுபவை. வெயிற்காப்பு அவற்றுள் ஒன்று.

தோலைக் கன்றச் செய்வது எது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. சூட்டினால்தான் தோல் சிவக்கிறது என்பதே இயல்பான எண்ணமாக இருந்தது. அந்த எண்ணம் மாற 19ஆம் நூற்றாண்டு முழுவதும் தேவைப்பட்டது.

வெப்பமா, ஒளியா?

1801இல் ஜெர்மானிய அறிவியலர் யோகான் வில்ஹெல்ம் ரிட்டர், நிறமாலையில் ஊதா நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வைத்த வெள்ளிக் குளோரைடு மிக விரைவாகக் கறுப்பதைக் கண்டார். கண்ணுக்குப் புலப்படாத கதிர்கள் அங்கே உள்ளன என்பது தெரிந்தது. இவையே பிற்காலத்தில் புற ஊதாக் கதிர்கள் எனப் பெயர் பெற்றன.

ஆனால் இக்கதிர்களுக்கும் தோல் கன்றுதலுக்கும் உள்ள தொடர்பு உடனே புலப்படவில்லை. ஆங்கில அறுவை மருத்துவர் எவரார்ட் ஹோம் தம் கைகளையே வெயிலில் வைத்துச் சோதித்தார். கறுப்புத் துணியால் மூடிய கை வெறுங்கையைவிட அதிகம் சூடேறியது. ஆயினும் கொப்புளம் எழுந்தது வெறுங்கையில்தான். 1821இல் இதைப் பற்றிய அவரது கட்டுரை வெளியானது. சூடு மட்டுமே காரணம் என்றால் இது நடந்திருக்க முடியாது.

1889இல் சுவீடன் மருத்துவர் எரிக் யோகான் விட்மார்க், வில்விளக்கின் ஒளியைக் கொண்டு சோதனை செய்து, தோலைச் சிவக்க வைப்பவை புற ஊதாக் கதிர்களே என்று நிறுவினார். 1922இல் ஹவுசர், வாலே என்னும் இரு ஜெர்மானியர், தோலை மிகுதியாகக் கன்றச் செய்வது அக்கதிர்களில் 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள பகுதி என்று அளந்து காட்டினர். 1932இல் கோபன்ஹேகனில் கூடிய பன்னாட்டு ஒளி மாநாட்டில் புற ஊதாக் கதிர்கள் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. 315 முதல் 400 நானோமீட்டர் வரை யு.வி.ஏ.; 280 முதல் 315 வரை யு.வி.பி.; அதற்கும் கீழானவை யு.வி.சி. இவற்றுள் யு.வி.சி. வளிமண்டலத்தில் தடுக்கப்படுகிறது. ஏனைய இரண்டும் தரையை அடைகின்றன.

இந்தப் பிரிவினை பின்வரும் வரலாற்றுக்கு அடிப்படையானது. தோல் கன்றுதல் பெரும்பாலும் யு.வி.பி.யின் வேலை. அது கண்ணுக்குத் தெரியும், வலிக்கும், சில மணி நேரத்திலேயே வெளிப்படும். யு.வி.ஏ. தோலின் ஆழத்துக்குச் செல்கிறது. அதன் விளைவுகளான சுருக்கம், கரும்புள்ளி, உயிரணுச் சிதைவு ஆகியவை ஆண்டுகள் கழித்தே தெரிகின்றன. எனவே உடனே தெரிந்த தீங்குக்கே முதலில் மருந்து தேடினர்.

முதல் களிம்புகள்

1891இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபிரீட்ரிஷ் ஹம்மர், மலேரியாக் காய்ச்சலுக்கு வழங்கிய குவினைனைக் களிம்பில் கலந்து வெயிற்காப்பாகப் பயன்படுத்தினார். புற ஊதாக் கதிரை உறிஞ்சும் ஒரு வேதிப்பொருளைத் தோலில் பூசுவது என்ற முறை இங்கிருந்து தொடங்குகிறது.

அதே காலத்தில் வெயிலின் நெடுநாள் தீங்கும் கவனத்துக்கு வந்தது. ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா 1894இல், பல ஆண்டுகள் கடலில் உழைத்த மாலுமிகளின் தோல் தடித்துப் புண்ணாகிப் புற்றாக மாறுவதை விவரித்தார். பிரான்சின் போர்தோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் உழைப்பவர்களிடம் தோல் புற்று மிகுதியாக இருப்பதை வில்லியம் துப்ரோய் என்னும் மருத்துவர் குறித்தார். 1928இல் ஃபின்ட்லே என்பவர் எலிகளில் புற ஊதாக் கதிரால் தோல் புற்று உண்டாவதைச் சோதனையில் காட்டினார். ஆக, வெயில் புற்றுநோயைத் தரும் என்ற அறிவு நூறாண்டு பழமையுடையது. அது பொதுமக்களின் வழக்கத்தை மாற்றுவதற்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்கு எதிர்த்திசையில் ஒரு புதிய மோகம் வளர்ந்துகொண்டிருந்ததே காரணம்.

பழுப்பு நிறத்தின் மோகம்

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டு வரை வெளுத்த தோல் செல்வரின் அடையாளம். கறுத்த தோல் வயலில் உழைப்பவரின் அடையாளம். தொழிற்சாலைகள் பெருகியபின் உழைப்பாளர் கூரைக்குக் கீழே சென்றனர். ஓய்வு நேரமும் பயணச் செலவுக்குப் பணமும் உள்ளவரே வெயிலில் கிடக்க முடிந்தது. அதனால் வெயிலில் பழுத்த நிறம் வசதியின் அடையாளமாக மாறியது.

மருத்துவமும் இதற்குத் துணை நின்றது. டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக 1903இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் அகுஸ்த் ரோலியே சுவிட்சர்லாந்தின் லேசான் மலையூரில் காசநோயாளிகளுக்கு வெயில் மருத்துவமனை தொடங்கினார். வெயில் என்றால் உடல்நலம் என்ற எண்ணம் பரவியது. 1920களில் பிரெஞ்சுக் கடற்கரையில் பழுப்பு நிறம் நாகரிகமாயிற்று.

1935இல் லோரியல் நிறுவனத்தின் நிறுவனர் யூஜின் ஷ்யுயலர் ஆம்ப்ர் சொலேர் என்னும் எண்ணெயை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டு, 1936இல், பிரான்சின் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுப்பைச் சட்டமாக்கியது. முதன்முறையாகத் தொழிலாளர் குடும்பங்கள் பெருந்திரளாகக் கடற்கரைக்குச் சென்றன. வெயில் விடுமுறையும் வெயில் எண்ணெயும் ஒன்றாகவே மக்களிடம் வந்து சேர்ந்தன. அந்த எண்ணெயின் நோக்கம் வெயிலைத் தடுப்பதன்று; கன்றாமல் பழுப்பாவதற்கு உதவுவதே. இந்த நோக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது.

போரும் பனிமலையும்

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளிலும் கடலிலும் சிக்கிய அமெரிக்க வீரர்களுக்குக் கடும் வெயில் பெருந்துன்பமாயிற்று. கால்நடை மருத்துவத்துக்கான சிவப்புப் பெட்ரோலியக் களிம்பு அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. பிசுபிசுப்பும் நிறமும் கொண்ட அக்களிம்பு கதிர்களை ஓரளவு தடுத்தது. மயாமியில் மருந்துக்கடை நடத்திய பெஞ்சமின் கிரீன் 1944இல் அதனைச் சீர்திருத்தி, கோக்கோ வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து ஒரு பூச்சு செய்தார் என்பர். அதுவே பின்னர் காப்பர்டோன் என்ற வணிகப் பெயரில் விற்பனையாயிற்று.

ஐரோப்பாவில் இன்னொரு கதை வழங்குகிறது. ஆஸ்திரிய நாட்டு வேதியியல் மாணவர் ஃபிரான்ஸ் கிரைட்டர் 1938இல் சுவிஸ், ஆஸ்திரிய எல்லையிலுள்ள 3,312 மீட்டர் உயரமான பிட்ஸ் புவின் சிகரத்தில் ஏறியபோது வெயிலில் கடுமையாகக் கன்றினார். பனிமூடிய குளிர்மலையில் வெயில் சுடுவது வியப்புக்குரியதன்று. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 விழுக்காடு கூடுகிறது. புதிய பனி அக்கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அடிக்கிறது. 1946இல் கிரைட்டர் 'பனியாற்றுக் களிம்பு' என்ற பொருள்படும் பெயரில் தம் பூச்சை வெளியிட்டார். இன்றைய அளவுகோலின்படி அதன் காப்பு 2 மட்டுமே என மதிப்பிடுகின்றனர்.

எஸ்.பி.எஃப். எண் பிறந்த விதம்

பூச்சுகள் பெருகியபோது எது சிறந்தது என்று ஒப்பிட அளவுகோல் தேவைப்பட்டது. ஜெர்மானியர் ருடால்ஃப் ஷூல்ட்ஸே 1950களில் ஒரு முறையை வகுத்தார். அதை வளர்த்து 1974இல் கிரைட்டர் எஸ்.பி.எஃப். என்ற எண்ணைப் பரப்பினார். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1978இல் வெளியிட்ட வரைவு விதிகளில் இவ்வெண்ணை ஏற்றது. வெயில்காப்புப் பூச்சை அழகுப்பொருளாக அன்றி மருந்தாகக் கருதவும் முனைந்தது.

எண்ணின் பொருள் இதுவே. பூச்சில்லாத தோல் இலேசாகச் சிவக்க ஒரு குறிப்பிட்ட அளவு கதிர் தேவை. பூச்சு தடவிய தோல் அதே அளவு சிவக்க அதைப்போல் எத்தனை மடங்கு கதிர் தேவையோ அதுவே எஸ்.பி.எஃப். எனவே எண் 15 என்றால் கன்றச் செய்யும் கதிரில் 15இல் ஒரு பங்கு உள்ளே செல்கிறது. ஏறக்குறைய 93 விழுக்காடு தடுக்கப்படுகிறது. 30 என்றால் 97 விழுக்காடு. 50 என்றால் 98 விழுக்காடு. 100 விழுக்காடு தடுக்கும் பூச்சு எதுவும் இல்லை.

இவ்வெண்ணில் மூன்று குழப்பங்கள் தொடக்கம் முதலே இருந்தன.

முதலாவது, மடங்கு என்பதை நேரம் என்று கொள்வது. பத்து நிமிடத்தில் கன்றுபவர் எண் 30 பூசினால் முந்நூறு நிமிடம் வெயிலில் இருக்கலாம் என்று பலரும் கணக்கிடுகின்றனர். எண் கணக்கிடுவது கதிரின் அளவை, கடிகாரத்தை அன்று. காலை எட்டு மணியின் ஒரு மணி நேரமும் நண்பகலின் ஒரு மணி நேரமும் ஒன்றல்ல. மேலும் பூச்சு வியர்வையிலும் துண்டிலும் மணலிலும் தேய்ந்து போகிறது.

இரண்டாவது, தடவும் அளவு. ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூச்சு தடவித்தான் எண் கணக்கிடப்படுகிறது. வளர்ந்த ஒருவரின் உடற்பரப்பு ஏறக்குறைய 1.7 சதுர மீட்டர். அதன்படி உடல் முழுவதும் ஒருமுறை பூச 34 கிராம் வேண்டும். 100 மில்லிலிட்டர் புட்டி மூன்று முறைக்கே வரும். நடைமுறையில் மக்கள் பூசுவது இதில் கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை மட்டுமே எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பாதி பூசினால் காப்பும் ஏறக்குறைய பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். சிக்கனமாகத் தடவிய எண் 50, தாராளமாகத் தடவிய எண் 30ஐவிடக் குறைந்த காப்பே தரலாம்.

மூன்றாவது, எண் அளப்பது சிவப்பை மட்டுமே. சிவப்பு பெரும்பாலும் யு.வி.பி.யால் வருவது. யு.வி.ஏ.யைச் சிறிதே தடுக்கும் ஒரு பூச்சும் உயர்ந்த எண்ணைப் பெற முடிந்தது.

எண் சொல்லாத பாதி

1970களில் பல பூச்சுகளில் பாபா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பாரா அமினோ பென்சாயிக் அமிலம் சேர்க்கப்பட்டது. அது யு.வி.பி.யை நன்கு தடுத்தது, யு.வி.ஏ.யைத் தடுக்கவில்லை. பலருக்குத் தோல் ஒவ்வாமை தந்ததாலும் துணியில் கறை படிந்ததாலும் 1980களில் அது கைவிடப்பட்டது. யு.வி.ஏ.யை உறிஞ்சும் அவோபென்சோன் 1970களில் ஐரோப்பாவில் உருவானது. துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு ஆகிய கனிமப் பொடிகள் இரு வகைக் கதிர்களுக்கும் எதிராகப் பயன்பட்டன. முன்பு கிரிக்கெட் வீரரின் மூக்கில் வெள்ளைப் பட்டையாகத் தெரிந்த துத்தநாகம், பொடியை மிக நுண்ணியதாக அரைக்கும் முறை வந்தபின் உடற்பூச்சாகவும் மாறியது.

பூச்சு மாறினாலும் எஸ்.பி.எஃப். எண் அதைக் காட்டாது. எனவே ஒவ்வொரு நாடும் எண்ணுக்குப் பக்கத்தில் புதிய குறியைச் சேர்த்தது. ஜப்பான் 1996இல் பி.ஏ. என்ற குறியை அறிமுகப்படுத்தியது. அதன் பின்னுள்ள கூட்டல் குறிகள் யு.வி.ஏ. காப்பின் அளவைக் காட்டும். முதலில் மூன்று கூட்டல் குறிகள் வரை இருந்தன. 2013இல் நான்காவது சேர்ந்தது. இந்தியச் சந்தையில் உள்ள பல புட்டிகளில் இக்குறியைக் காணலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல், யு.வி.ஏ. காப்பு எஸ்.பி.எஃப். எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்பூச்சுகளில் வட்டத்துக்குள் யு.வி.ஏ. என்ற முத்திரை இடப்படுகிறது. அமெரிக்காவில் 2011 விதிகளின்படி, இருவகைக் கதிர்களையும் தடுப்பதாகச் சோதனையில் தேறியவை மட்டுமே 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று குறிக்க முடியும்.

எண்களின் போட்டியும் கட்டுப்படுத்தப்பட்டது. 1978இல் அமெரிக்காவில் 15ம் அதற்கு மேலும் உச்சநிலைக் காப்பு எனப்பட்டது. பின்னர் 30, 50, 100 என்று எண்கள் ஏறின. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் 50க்கு மேற்பட்டவை அனைத்தும் '50+' என்றே குறிக்கப்படுகின்றன. ஆஸ்திரேலியா 2012 வரை 30+ஐயே உச்சமாக வைத்திருந்து பின்னர் 50+ஐ ஏற்றது.

ஆஸ்திரேலியாவின் பாடம்

வெளிறிய தோலுடைய ஐரோப்பியர் குடியேறிய ஆஸ்திரேலியா, தோல் புற்று மிகுந்த நாடுகளில் முதன்மையானது. அந்நாட்டவரில் மூவரில் இருவருக்கு 70 வயதுக்குள் ஏதேனும் ஒரு வகைத் தோல் புற்று கண்டறியப்படுகிறது. விக்டோரியா மாநிலப் புற்றுநோய் எதிர்ப்பு அமைப்பு 1981இல் சட்டை அணி, பூச்சு தடவு, தொப்பி போடு என்ற மூன்று கட்டளைகளைக் கொண்ட பரப்புரையைத் தொடங்கியது. சிட் என்ற கடற்பறவைக் கேலிச்சித்திரம் தொலைக்காட்சியில் பாடி ஆடி அதைச் சிறுவர்களிடம் சேர்த்தது. பின்னர் நிழலைத் தேடு, கறுப்புக் கண்ணாடி அணி என்ற இரண்டும் கூடின. இவ்வைந்தில் பூச்சு ஒன்று மட்டுமே என்பது கவனிக்கத்தக்கது.

பூச்சு உண்மையில் புற்றைத் தடுக்குமா என்ற கேள்விக்கும் அங்கேதான் விடை கிடைத்தது. குயின்ஸ்லாந்தின் நாம்பர் நகரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரிடம் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் நாள்தோறும் தலை, கழுத்து, கைகளில் பூச்சு தடவினர். மற்றவர் விரும்பியபோது தடவினர். நாள்தோறும் தடவியவர்களிடம் செதிளுயிரணுப் புற்று ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. ஆய்வு முடிந்து பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், உயிருக்கு மிக ஆபத்தான மெலனோமா நாள்தோறும் தடவிய பிரிவில் 11 பேருக்கும் மற்றதில் 22 பேருக்கும் வந்திருந்தது. அடிநிலையுயிரணுப் புற்றில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை.

இதற்கு மாறான முடிவு ஐரோப்பாவில் வந்தது. 1997 கோடை விடுமுறையில் பிரான்ஸ், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த 87 இளைஞர்களுக்குப் பூச்சு வழங்கப்பட்டது. சிலருக்கு எண் 10. சிலருக்கு எண் 30. எது எவரிடம் உள்ளது என்பது அவர்களுக்குத் தெரியாது. விடுமுறை முடிவில் எண் 10 பெற்றவர்கள் சராசரி 58 மணி நேரம் வெயில் காய்ந்திருந்தனர். எண் 30 பெற்றவர்கள் 73 மணி நேரம். தோல் கன்றுதலில் இரு பிரிவுக்கும் வேறுபாடில்லை. தோல் சிவந்து எச்சரிக்காதவரை மக்கள் எழுந்து செல்வதில்லை. வலுவான பூச்சு தந்த காப்பை நீண்ட நேர வெயில் தின்றுவிட்டது. உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2001இல், வெயிலில் இருக்கும் நேரத்தை நீட்டிப்பதற்குப் பூச்சைப் பயன்படுத்தக் கூடாது என அறிவுறுத்தியது.

இரண்டு ஆய்வுகளும் முரண்பட்டவையல்ல. நாம்பர் மக்கள் தவிர்க்க முடியாத அன்றாட வெயிலுக்கு எதிராகப் பூசினர். மாணவர்கள் வெயிலைத் தேடிச் சென்று பூசினர். பூச்சு ஒன்றே, பயன்படுத்திய நோக்கம் வேறு.

நீரும் பவளமும்

விடுமுறைப் பூச்சுக்கு நீர் ஒரு தனிச் சோதனை. முன்பு புட்டிகளில் 'நீர் புகாதது', 'முழுத் தடுப்பு' போன்ற சொற்கள் இடம்பெற்றன. அமெரிக்காவின் 2011 விதிகள் இவற்றைத் தடை செய்தன. நீரில் 40 நிமிடம் அல்லது 80 நிமிடம் தாங்கும் என்று சோதித்துக் காட்டியபின் அந்த நிமிடத்தை மட்டுமே குறிப்பிடலாம். இது வெயிலில் இருக்கத்தக்க நேரத்தைக் குறிப்பதன்று. நீரில் கிடந்தபின்னும் எண் குறையாமல் நிற்கும் நேரம் மட்டுமே.

குளிப்பவர் உடலிலிருந்து கழுவப்படும் பூச்சு கடலில் சேர்கிறது. 2015இல் வெளியான ஆய்வு, ஆக்சிபென்சோன் என்னும் உட்பொருள் பவள உயிரிகளின் இளம் நிலையைச் சிதைப்பதை ஆய்வகத்தில் காட்டியது. ஹவாய் மாநிலம் 2018இல் சட்டமியற்றி, 2021 சனவரி முதல் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கொண்ட பூச்சுகளின் விற்பனையைத் தடுத்தது. பலாவு தீவுநாடு 2020 சனவரி முதல் பத்து உட்பொருள்களைத் தடை செய்தது. தாய்லாந்து 2021இல் தன் கடல்சார் தேசியப் பூங்காக்களில் நான்கு பொருள்களுக்குத் தடை விதித்தது. பவளங்கள் பெருமளவில் வெளிறி அழிவதற்கு முதற்காரணம் கடல் வெப்பமடைதலே. பூச்சு அதனோடு ஒப்பிடச் சிறிது. ஆயினும் இவ்விடங்களுக்குச் செல்பவர் தடைப் பட்டியலைப் பார்த்தே புட்டி வாங்க வேண்டும்.

கருந்தோலும் பூச்சும்

அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975இல் தோலை, வெயிலில் கன்றும் இயல்பைக் கொண்டு நான்கு வகையாகப் பிரித்தார். அவை யாவும் வெள்ளையர் தோல்களே. பழுப்பு, கறுப்புத் தோல்களுக்குரிய ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னர் சேர்ந்தன. இத்துறை யாரை நினைத்து வளர்ந்தது என்பதை இது காட்டும்.

மெலனின் மிகுந்த தோலுக்கு இயற்கைக் காப்பு உண்டு. 1979இல் வெளியான ஓர் அளவீட்டில், கறுப்பின மக்களின் மேல்தோல் சராசரி 13.4 எண்ணுக்கும், வெள்ளையரின் மேல்தோல் 3.4 எண்ணுக்கும் இணையான காப்புத் தருவதாகத் தெரிந்தது. எனவே கருந்தோலரிடம் வெயிலால் வரும் தோல் புற்று மிகக் குறைவு. அவர்களுக்கு வரும் மெலனோமா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற வெயில் படாத இடங்களில் தோன்றுகிறது. அதற்குப் பூச்சு தீர்வாகாது. அங்கே புதிய கரும்புள்ளி வளர்ந்தால் மருத்துவரிடம் காட்டுவதே வழி.

ஆனால் கருந்தோலும் கன்றும். முகத்தில் மங்கு, கருந்திட்டு ஆகியவை வெயிலால் மிகும். இதில் புற ஊதாக் கதிருடன் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்குண்டு. அதைத் தடுக்க இரும்பு ஆக்சைடு கலந்த நிறப்பூச்சுகள் பயன்படுகின்றன. கருந்தோலில் வெள்ளைப் படிவு தெரியாதிருக்கவும் அவை உதவும்.

இங்கே ஒரு வரலாற்று முரணும் உண்டு. ஐரோப்பாவில் பழுப்பாவதற்கு விற்கப்பட்ட பொருள், இந்தியாவில் கறுக்காமல் இருப்பதற்கு என்று விற்கப்பட்டது. இரண்டு விளம்பரங்களும் நிறத்தைப் பற்றியவை. பூச்சு நிறத்தை வெளுக்க வைக்காது. தோல் சிதைவைக் குறைப்பது ஒன்றே அதன் பணி. தேங்காய் எண்ணெய் தோலுக்கு ஈரப்பதம் தரும். வெயிற்காப்புக்கு அது போதாது.

விடுமுறைக்குத் தேர்ந்தெடுத்தல்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து புட்டியைப் படிக்கும் முறை கிடைக்கிறது. முதலில் எண்: 30 அல்லது அதற்கு மேல் போதுமானது. வெளிறிய தோல், உயர்ந்த மலை, நாள் முழுதும் கடல் என்றால் 50 ஏற்றது. 30க்கும் 50க்கும் தடுப்பில் ஒரு விழுக்காடே வேறுபாடு என்பர். உள்ளே புகும் கதிரைப் பார்த்தால் 3.3 விழுக்காடு 2 ஆகக் குறைகிறது. ஆயினும் இந்த ஆதாயம் போதிய அளவு தடவினால்தான் கிடைக்கும். அடுத்து யு.வி.ஏ. குறி: 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்ற சொல், வட்டத்துக்குள் யு.வி.ஏ., அல்லது பி.ஏ. கூட்டல் குறிகளில் ஏதேனும் ஒன்று இல்லாத புட்டியை எண் எவ்வளவு பெரிதாயினும் விட்டுவிடலாம். நீந்துபவரும் வியர்ப்பவரும் நீர் தாங்கும் நிமிடத்தைப் பார்க்க வேண்டும். காலாவதி நாளும் முக்கியம். காரின் வெயிலில் கிடந்த பழைய புட்டியை நம்பக் கூடாது.

உடற்பூச்சில் விலையும் கணக்கில் வரும். சிறிய விலையுயர்ந்த முகப்பூச்சை உடலுக்குப் பயன்படுத்துபவர் கஞ்சத்தனமாகவே தடவுவார். தாராளமாகத் தடவத்தக்க விலையில் பெரிய புட்டியே உடலுக்கு நல்லது. விமானத்தில் கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டிக்குப் பொதுவாக இடமில்லை; அந்த அளவு கடற்கரையில் ஒருவருக்கு ஒரே நாளில் தீர்ந்துவிடும். பெரிய புட்டியைப் பெட்டியில் வைக்கலாம் அல்லது சென்ற இடத்தில் வாங்கலாம். நீண்ட கைச்சட்டை அணிந்தால் தேவை பாதியாகும்.

வெளியே செல்வதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் குளித்துத் துவட்டியபின்னும் மீண்டும் தடவுவது வழக்கமான அறிவுரை. காது, பின்கழுத்து, புறங்கால், வகிடு ஆகியவை மறக்கப்படும் இடங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பூச்சைவிட நிழலும் துணியுமே பரிந்துரைக்கப்படுகின்றன.

குளிர்ச்சியை நம்பி ஏமாறக் கூடாது. ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில், வானம் தெளிந்த நாளில் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலான புற ஊதாக் கதிர் விழும். ஆனால் உடல் சூட்டை உணர்வதில்லை. மெல்லிய மேகமும் இக்கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை. கனடா 1992இல் தொடங்கிப் பின்னர் உலக நலவாழ்வு அமைப்பு பரப்பிய புற ஊதாக் குறியீடு இன்று கைப்பேசி வானிலைச் செயலிகளில் கிடைக்கிறது. அக்குறியீடு 3ஐத் தொட்டால் காப்புத் தேவை. 8ஐத் தாண்டினால் நண்பகலில் வெளியே செல்வதையே தவிர்ப்பது நல்லது.

குவினைன் களிம்பில் தொடங்கிய இவ்வரலாற்றில், லேபிளில் சேர்ந்த ஒவ்வொரு சொல்லும் முந்தைய ஒரு குறையை ஈடுகட்ட வந்தது. எண் யு.வி.ஏ.யைச் சொல்லாததால் பி.ஏ. வந்தது, 'நீர் புகாதது' பொய்யானதால் நிமிடம் வந்தது. எவ்வளவு தடவுகிறோம், எவ்வளவு நேரம் வெயிலில் நிற்கிறோம் என்ற இரண்டை மட்டும் எந்த லேபிளாலும் சொல்ல முடியாது. அவை தடவுபவர் கையில் உள்ளன. ஆதலால் சட்டை, தொப்பி, நிழல் ஆகியவற்றால் முதலில் உடலைக் காத்து, அவற்றால் மறைக்க முடியாத இடத்துக்குப் பூச்சைத் தாராளமாகப் பயன்படுத்துவதே பொருத்தமானது.